தட்டின் ஓரத்தில் ஒரு செத்தல் மிளகாய்

சிவம் அண்ணை அன்றைக்கு இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டார். அவர் அப்படிச் சாப்பிட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

சுவிஸ் நாட்டின் இன்டர்லாக்கனில் ஒரு பெரிய ஹொட்டேலுக்குப் பின்னால், வேலையாட்கள் தங்குவதற்கென்று கட்டிவிட்ட வீடு. அதன் முதலாம் மாடியில் எங்கள் குசினி. பின்னேரம் மூன்று மணி இருக்கும். மத்தியானச் சமையல் முடிந்து இரவுச் சமையல் தொடங்கும்வரை ஹொட்டேல் குசினிக்காரருக்கு ஓர் இடைவேளை உண்டு. சிம்மர்ஸ்துண்டே என்பார்கள். வெள்ளைக்காரர் அந்த நேரத்தில் கட்டிலில் சாய்வார்கள். நாங்கள் ஓடிவந்து சோறு தின்போம்.

நான் மேசைக்கு எதிர்ப்பக்கம் கன்னத்தைப் பொத்திக்கொண்டு இருந்தேன். காலையில் பல் பிடுங்கியிருந்தது. ஊசியின் விறைப்பு இன்னும் இறங்கவில்லை. உதடு யாரோ இரவல் தந்ததைப் போலத் தொங்கியது. சாப்பிட வழியில்லாதவனுக்கு அடுத்தவன் சாப்பிடுவதைப் பார்ப்பதுதான் வேலை.

டின்மீன் குழம்பும் பருப்பும். பருப்பில் தாளித்துப் போட்டிருந்த செத்தல் மிளகாயை அவர் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்திருந்தார். காய்ந்த மிளகாயை எங்கள் நாட்டில் செத்தல் என்றுதான் சொல்வோம். அதை ஓரத்தில் எடுத்துவைப்பது அவருடைய பழக்கம். எல்லாவற்றையும் தின்று முடித்து, கடைசி வாய்ச் சோற்றோடு அந்த மிளகாயைக் கடிப்பார். அதன் பிறகு தண்ணீர் குடிக்கமாட்டார்.

"உனக்குக் கைப்பக்குவம் வந்திட்டுது," என்றார் என்னைப் பார்த்து. அன்றைக்குச் சமையல் முறை என்னுடையது. பல்வைத்தியரிடம் போகுமுன் நான் சமைத்து வைத்துவிட்டுப் போனேன் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். கூடத் தங்கியிருந்த மூர்த்தி சமைத்திருப்பான் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை என்று தலையை ஆட்டினேன். வாய் திறந்தால் எச்சில்தான் வடிந்தது.

அந்த நேரம் பார்த்து மூர்த்தி உள்ளே வந்தான். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாத பெடியன். அதே வீட்டில் எங்களோடு இருந்த நாலாவது ஆளான தேவன் அவனுக்குப் பின்னால் வந்து கதவடியில் நின்றுவிட்டான்.

"நல்லாயிருக்கோ அண்ணை? இண்டைக்குத் தேவன்தான் சமைச்சது. இவருக்குப் பல்லெண்டு நான்தான் முறையை மாத்தினனான்," என்றான் மூர்த்தி.

சிவம் அண்ணையின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது. தட்டின் ஓரத்தில் அந்த மிளகாய் இருந்தது.

கை நனைக்காத மனிதர்

இதை விளங்கிக்கொள்ள, நாலு ஆண்கள் ஒரு வீட்டில் எப்படி இருந்தோம் என்று சொல்லவேண்டும். 

அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவர்கள் நாங்கள். எந்த மாநிலத்தில் இருப்பது என்பதை அரசாங்கம் சொல்லும். எந்த வீட்டில் படுப்பது என்பதை ஹொட்டேல் சொல்லும். யாரோடு இருப்பது என்று எங்களை ஒருவரும் கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் யுங்ஃப்ராவ் மலை தெரியும். அதைப் பார்க்க ஜப்பானில் இருந்து சனம் வந்து இறங்கும். நாங்கள் அவர்கள் தின்ற தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சிவம் அண்ணை ஃபொண்டூ சட்டிகள் கழுவுபவர். அடியில் பிடித்துக் காய்ந்த சீஸை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டிச் சுரண்டி, அந்தப் புளித்த வாசம் அவருடைய சேட்டில் ஞாயிற்றுக்கிழமையிலும் இருக்கும். எங்களில் மூத்தவர். யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுக் கடையில் மனேஜராக இருந்தவர். வெங்காயம் எப்படி நறுக்கினாலும் அவருக்குப் பிடிக்காது.

முறைவைத்துச் சமைப்பது அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் இருந்த எல்லா வீடுகளிலும் உள்ள வழக்கம். இன்றைக்கு நீ, நாளைக்கு நான். சமைக்கத் தெரியாமல் விமானம் ஏறியவர்கள் எல்லாம் அப்படித்தான் பழகினோம்.

தேவனுடைய முறை வருகிற நாட்களில் சிவம் அண்ணை சோறு தின்பதில்லை. ஹொட்டேலில் இருந்து இரண்டு துண்டு பாணும் வெண்ணெயும் எடுத்துவந்து, ஜன்னலடியில் நின்றபடி தின்பார். கேட்டால் வயிறு சரியில்லை என்பார். ஒழுங்காக முறைவைத்துக் கெட்டுப்போகும் வயிறு.

காரணம் எங்களுக்குத் தெரியும். தேவன் முன்பு இருந்தது ஓர் ஆயுத இயக்கத்தில். சிவம் அண்ணையின் தம்பி ரூபன் இருந்தது இன்னோர் இயக்கத்தில். தேவனுடைய இயக்கம் ரூபனுடைய இயக்கத்தைத் தடைசெய்த கிழமையில் ரூபனை வீட்டு வாசலில் வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்றார்களாம். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை.

எங்கள் சனத்தில் பகை என்றால் கத்துவதோ அடிப்பதோ பிறகுதான் வரும். முதலில் கை நனைக்கமாட்டோம். அவன் வீட்டில், அவன் கையால் சமைத்ததை உண்ணமாட்டோம். சிவம் அண்ணைக்கு வேறு வீடு இல்லாததால், ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு அதைச் செய்தார்.

சைக்கிளில் வந்தவர்கள்

போன கிழமை நான் எழுதிவரும் இந்தத் தொடரைப் படித்த நண்பர் ஒருவர் தொலைபேசியில் கோபித்துக்கொண்டார். இராணுவம் செய்ததை எழுது, எங்கள் பெடியள் தங்களுக்குள் செய்துகொண்டதை ஏன் கிண்டுகிறாய் என்றார். இராணுவம் செய்ததைத்தான் இத்தனை வாரமாக எழுதினேன். மட்டக்களப்புப் பக்கத்தில் எங்கள் ஊரைச் சுற்றிவளைத்து ஆண்களை ஏற்றிப்போனதையும், அதில் என் சித்தப்பா திரும்பாததையும் எழுதினேன். மற்றதையும் எழுதாவிட்டால் எழுதியதுவும் பொய்யாகிவிடும்.

எங்கள் காலத்தில் இயக்கங்கள் ஒன்றிரண்டல்ல. ஆங்கில எழுத்துக்களைக் கூட்டிச் சேர்த்த பெயர்கள். எல்லாவற்றிலும் விடுதலை என்று ஒரு சொல் இருக்கும். யார் எதில் சேர்ந்தார்கள் என்பதற்குப் பெரிய கொள்கைக் காரணம் இருந்ததாகப் பின்னாளில் புத்தகங்களில் படித்தேன். நான் கண்டது வேறு. எந்த இயக்கத்துப் பெடியன் முதலில் சைக்கிளில் வந்து பள்ளிக்கூட வாசலில் நின்று கதைத்தானோ, அதில் சேர்ந்தார்கள். என் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து வாங்கில் இருந்தவர்கள் வேறு வேறு ஆளின் சைக்கிளில் ஏறிப் போனார்கள்.

கொழும்பில் எங்கள் சனத்தை வீடு வீடாகத் தேடி எரித்தபோது, இயக்கப் பெடியள் மேல் எனக்கும் மரியாதை வந்தது. அதை மறைக்கமாட்டேன். அம்மாமார் சோற்றுப் பொதி கட்டிக் கொடுத்தார்கள். எந்த இயக்கம் என்று பார்த்துப் பொதி கட்டவில்லை. 

பிறகு ஒருவரை ஒருவர் சுட்டார்கள். சந்திகளில் டயர் எரிந்தது. நேற்றுவரை சோற்றுப் பொதி வாங்கித் தின்றவனை மின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள், நெஞ்சில் துரோகி என்று எழுதிய ஒரு மட்டை. சனம் பார்த்துவிட்டுச் சந்தைக்குப் போனது. பார்த்துவிட்டுப் போகப் பழகியதுதான் எங்கள் நாட்டுக்கு நடந்ததில் மோசமானது என்று நான் நினைக்கிறேன். அயலில் முஸ்லிம் சனத்தை இயக்கம் கொன்றதையும் அப்படித்தான் பார்த்துவிட்டுப் போனோம். எங்கள் ஊரில் இன்றைக்கும் அதை மெல்லிய குரலில்தான் கதைப்பார்கள்.

நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை

ரூபனைக் கொண்டுபோன பிறகு சிவம் அண்ணையின் வீட்டில் நல்ல காரியமும் நடக்கவில்லை, கெட்ட காரியமும் நடக்கவில்லை.

தாய் இரண்டுக்கும் இடம் கொடுக்கவில்லை. செத்தான் என்று ஒருவரும் சொல்லாமல் எப்படித் திவசம் செய்வது? இருக்கிறானோ இல்லையோ தெரியாமல், தங்கச்சியை எப்படி மணவறையில் இருத்துவது? சாத்திரம் பார்ப்பவர்களிடம் போனார். தெற்குத் திசையில் உயிரோடு இருக்கிறான் என்று ஒருவர் சொன்னார். அதை நம்பித் தாய் மகளையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் வருடக்கணக்கில் இருந்தார். 

சுவிஸிலேயே நொஷாட்டல் என்ற ஊரில் இருந்த ஒரு நல்ல பெடியன் தங்கச்சியைக் கேட்டு வந்திருந்தான். அவன் பொறுமையானவன். ஆனால் அவன் வீட்டில் வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிவம் அண்ணை தபால்கந்தோர் வாசல் தொலைபேசிக் கூண்டில் இருந்து கொழும்புக்கு எடுப்பார். தாய் முதலில் கேட்பது, தம்பியைப் பற்றி ஏதும் அறிந்தாயோ என்பதுதான். தங்கச்சி போனை வாங்கினால் ஒன்றும் கேட்கமாட்டாளாம். சும்மா மூச்சு மட்டும் கேட்கும் என்று சிவம் அண்ணை ஒருதரம் என்னிடம் சொன்னார்.

தம்பி இருக்கிறான் என்றோ இல்லை என்றோ ஒரு சொல். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அந்தச் சொல் அதே வீட்டில், அடுத்த அறையில் படுத்திருந்தது.

கதவடியில் நின்றவன்

அந்தப் பின்னேரத்துக்கு வருகிறேன்.

சிவம் அண்ணை எழும்பிப் போய்க் கை கழுவினார். சவர்க்காரம் போட்டுக் கழுவினார். திரும்பவும் போட்டார். குழாய்த் தண்ணீர் மலையில் இருந்து வருவது, விரல் மரத்துப்போகும் குளிர். அவர் நிறுத்தவில்லை. மூர்த்தி தான் செய்தது என்னவென்று அப்போதுதான் விளங்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டான். வாந்தி எடுப்பார் என்று நான் நினைத்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஈரக்கையோடு நின்று, எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார்.

தேவன் அதிகம் கதைக்காதவன். அந்த வீட்டில் இருந்த மாதங்களில் அவன் குரல் கேட்ட நேரத்தைவிட அவனுடைய கத்தி பலகையில் படும் சத்தம் கேட்ட நேரம் கூட. அவன் மேசையில் இருந்த தட்டைப் பார்த்தான்.

"அண்ணை, நான் அப்ப காம்ப் குசினியில நிண்டனான். உங்கட தம்பிக்கும் நான்தான் சோறு குடுத்தனான்."

சிவம் அண்ணை திரும்பவில்லை. குழாயை மட்டும் பூட்டினார்.

"எந்தத் தம்பிக்கு?"

"ரூபனுக்கு. அவரும் மிளகாயை எடுத்துச் சோத்துக் கோப்பைக் கரையில வைச்சிட்டுத்தான் சாப்பிடுவார். இஞ்ச வந்த முதல் நாள் நீங்கள் அப்பிடி வைச்சதைப் பாத்தவுடனை எனக்கு விளங்கிட்டுது."

அதன் பிறகு அவன் சொன்னதை அவன் சொன்ன ஒழுங்கில் என்னால் எழுத முடியவில்லை. ஆட்கள் விட்டுவிட்டு ஓடிய ஒரு வீட்டை முகாமாக வைத்திருந்தார்கள். ரூபனையும் வேறு சிலரையும் அதன் களஞ்சிய அறையில் அடைத்திருந்தார்கள். தேவனுக்கு அப்போது மீசைகூட ஒழுங்காக வளரவில்லை. துவக்குப் பிடித்துச் சுடக் கை நடுங்கியதால் குசினியில் விட்டார்களாம். சமைப்பதும், அறைக்குத் தட்டுக் கொண்டுபோவதும் அவன் வேலை. பருப்புக்கு இன்னும் ஒரு மிளகாய் கூடப் போடச் சொல்லி ரூபன் கேட்பானாம்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்து கூப்பிட்டார்கள். ரூபன் எச்சில் கையோடு எழும்பினான். கை கழுவவும் விடவில்லை. தூரத்துக்குக் கொண்டுபோகவில்லை. பின்னால் இருந்த வாழைத் தோட்டம், அதன் கிணற்றடி. தேவன் அறைக்குத் திரும்பிப் போனபோது பாதிச் சோறு அப்படியே கிடந்தது. மிளகாயும் ஓரத்தில் இருந்தது.

"கோப்பையை நான்தான் கழுவினனான் அண்ணை," என்றான் தேவன்.

நீ சுட்டாயோ என்று சிவம் அண்ணை கேட்டார். இல்லை என்றான். யார் என்று கேட்டார். அவன் ஒரு பெயர் சொன்னான். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயருக்குரியவனும் பிறகு இராணுவத்தின் ஷெல்லடியில் செத்துப்போய்விட்டான், அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். அந்த வீடு எந்த ஊர் என்று கேட்டார். தேவன் சொன்ன ஊர், சிவம் அண்ணை வீட்டில் இருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரம். தாய் தெற்கே கதிர்காமம் வரைக்கும் நேர்த்திவைத்து நடந்தார். மகன் பக்கத்து ஊரில் கிடந்தான். நாங்கள் கதைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அந்தத் தோட்டத்துக்கு மேல் இராணுவ முகாம் இருந்தது.

சிவம் அண்ணை கதிரையில் இருந்தார். முகத்தில் அடிப்பார், அல்லது அழுவார் என்று காத்திருந்தோம். அவர் கேட்டது ஒன்றுதான்.

"என்ன நாள் எண்டு தெரியுமோ?"

தேவன் யோசிக்கவே இல்லை. பக்கத்துக் கோயிலில் அடுத்த நாள் தேர் என்றான். லவுட்ஸ்பீக்கரில் மேளம் கேட்டுக்கொண்டிருந்ததாம். 

அவனுக்கு அந்த நாள் எப்படி மறக்கும்?

மேல்வீட்டு அடுப்பு

தபால்கந்தோர்க் கூண்டுக்கு நானும் கூடப் போனேன். தனியாக விடப் பயமாக இருந்தது. கண்ணாடிக்கு வெளியே குதிரைவண்டியில் உல்லாசப் பயணிகள் போனார்கள். சிவம் அண்ணை சுற்றிவளைக்கவில்லை. தம்பி இல்லையம்மா என்றார். பிறகு தாய் கேட்டது திதி. தேர்த் திருவிழாவுக்கு முதல்நாள் என்றதும், பஞ்சாங்கம் இல்லாமலே அவர் திதியைச் சொல்லிவிட்டார். அழுகுரல் பிறகுதான் கேட்டது, அது தங்கச்சியுடையது.

அடுத்த நாள் சிவம் அண்ணை மீசையை மழித்துக்கொண்டு வேலைக்கு வந்தார். என்ன, புது மாப்பிள்ளையா என்று செஃப் பகிடி விட்டார். மூர்த்தி உடைந்த ஜெர்மனில் காரணம் சொன்னதும், அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

எங்கள் வழக்கத்தில் செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலார் சமைத்துக் கொண்டுவருவார்கள். ஆனால் இன்டர்லாக்கனில் அந்த ஒரு குசினிதான் செத்தவீடு, அந்த ஒரு குசினிதான் அயலும். மூர்த்தியும் நானும் இதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தோம். தேவன் அரிசியையும் பருப்பையும் தூக்கிக்கொண்டு மேலே போனான். மேல்மாடியில் அறை துப்புரவாக்கும் போர்த்துக்கேயப் பெண் இருந்தாள். அவளுடைய அடுப்பில் சமைத்து, இரண்டு சட்டிகளையும் துணியால் பிடித்துப் படியிறங்கிக் கொண்டுவந்தான். எங்கள் வாசலில் வைத்துவிட்டு நின்றான். உள்ளே வரவில்லை.

சிவம் அண்ணை சட்டியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். பிறகு தானே எழும்பிப் போய்ச் சட்டிகளை எடுத்துவந்து மேசையில் வைத்தார். தட்டை நகர்த்தி என்னிடம் போடச் சொன்னார்.

சாப்பிட்டார். பருப்புக்குத் தேவன் மிளகாய் தாளித்திருக்கவில்லை.

இதன் பிறகு இருவரும் நண்பர்களாகிவிட்டார்கள் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். அப்படி இல்லை. முறை முன்போலவே நடந்தது, வெங்காயத்தைப் பற்றிய குறையும் இருந்தது. தேவன் சமைத்த நாட்களிலும் சிவம் அண்ணை சாப்பிட்டார். அவனோடு கதைக்கவில்லை. மிளகாயை ஓரத்தில் வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டார்.

நொஷாட்டலில் ஒரு கலியாணம்

கொழும்புக் கடற்கரையில் ரூபனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்தார்கள். ஆண்டு திரும்பியதும் தங்கச்சியின் கலியாணம். தாய்க்குப் பலதரம் மறுத்துவிட்டுக் கடைசியில்தான் விசா கொடுத்தார்கள். நொஷாட்டலில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மணவறைக்குப் பின்னால் இருந்த சிலுவையைப் பட்டுச்சேலையால் மறைக்கவேண்டாம், அதுவும் சாமிதானே என்று தாய் சொல்லிவிட்டாராம்.

சமையல் தேவன். அவனைக் கூப்பிட்டது சிவம் அண்ணை. நேரே சொல்லவில்லை, மூர்த்தியிடம் சொல்லி அனுப்பினார்.

மத்தியானச் சாப்பாட்டில் தாய்க்குப் பக்கத்தில் சிவம் அண்ணை இருந்தார். நான் அப்பளம் பரிமாறிக்கொண்டு நின்றேன். தாய்க்குச் சின்ன உருவம், வெள்ளைச் சேலை, திருநீறு. பாதி சாப்பிட்டவர் கையை நிறுத்தி, சமைத்த பெடியனைக் கூப்பிடு என்றார். கலியாணச் சாப்பாடு நன்றாக இருந்தால் சமைத்தவரைக் கூப்பிட்டு ஒரு சொல் சொல்வது வழக்கம்தான். தேவன் துவாயில் கையைத் துடைத்தபடி வந்தான்.

தாய் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"நீர்தானோ தம்பி தேவன்?"

அவன் தலையாட்டினான். சிவம் அண்ணை அவரிடம் சொல்லியிருந்தாரோ, எவ்வளவு சொல்லியிருந்தாரோ எனக்குத் தெரியாது. சுற்றி இருந்தவர்கள் கதைத்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பிள்ளைகள் கதிரைகளுக்கு இடையில் ஓடினார்கள். தாய் குரலைத் தாழ்த்தினார்.

"அண்டைக்கு என்ர பிள்ளை சாப்பிட்டவனோ?"

தேவன் சிவம் அண்ணையைப் பார்த்தான். அந்தக் குசினிப் பின்னேரத்துக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். சிவம் அண்ணை கண்ணை எடுக்கவில்லை.

"ஓம் அம்மா," என்றான் தேவன். "வடிவாச் சாப்பிட்டவர். கடைசியா மிளகாயையும் கடிச்சிட்டு, கையும் கழுவிப்போட்டுத்தான் எழும்பினவர்."

"அவன் அப்பிடித்தான்," என்றார் தாய். தலையை இரண்டு தரம் ஆட்டிவிட்டு, நிறுத்தியிருந்த சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

சிவம் அண்ணை பருப்புச் சட்டியை இழுத்து, தாயின் தட்டில் இன்னும் கொஞ்சம் விட்டார். பிறகு பக்கத்தில் காலியாக இருந்த கதிரையைக் காலால் தள்ளி, தேவனிடம் சொன்னார்:

"இரு. நீ இன்னும் சாப்பிடேல்லை."